ஆமத்தூர்ப் பள்ளிக்குப் போகிற தாயிக்கு

தாயி, வேலைக்கான ஆணை கைக்கு வந்ததிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். திங்கட்கிழமை ஆமத்தூரில் ஒரு புது வகுப்பின் முன்னால் நிற்கப்போகிறாய். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கரிசல் ஊர்களின் பிள்ளைகளோடு என் காலம் கழிந்தது. பாடம் நடத்தும் முறையை பி.எட். கல்லூரியில் படித்துவிட்டாய். நடுக்கம் இருக்கும்போதே உள்ளே போய் நிற்பது எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. நடுங்குவதற்கு வெட்கப்படாதே. லண்டனில் பாரிஸ்டர் படித்துத் திரும்பிய காந்தி, பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிக்க எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்கா போய், பிரிட்டோரியாவில் ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர் என மூன்று பேருக்கு அவரவர் இடம் தேடிப்போய் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வேலையில் இருந்தால் பொறுமையாகக் காத்திருந்தார். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று நினைக்கத் தொடங்கினால், நம்மை எப்படிப் பார்க்கிறார்களோ என்ற கவலைக்கு இடம் குறைந்துவிடும். கண்ணை உன்மேலிருந்து எடு; பிள்ளைமேல் வை.

2. கொஞ்சமாகக் கொண்டுபோ, முழுதாகக் கொண்டுபோ. அதிகாரி பார்ப்பதற்கென்று எழுதும் பாடக்குறிப்பு வேறு, உனக்கென்று எழுதிக்கொள்வது வேறு. முதல் ஐந்து நிமிடம் என்ன சொல்வாய், முதல் கேள்வியாக எதைக் கேட்பாய் என்பதை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார். தொடக்கம் நாக்கில் நின்றால் மீதி தானாக வரும்.

3. பிள்ளைகளுக்கு முன்னால் நீ போய்விடு. பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே வெறும் வகுப்பில் போய் நில். போர்டில் தேதியை எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார். எழுத்து தெரிகிறதா, ஜன்னல் வெயில் கண்ணைக் கூசுகிறதா என்று தெரியும். என் முதல் தலைமையாசிரியை எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை இதுதான். பழகிய இடத்தில் பாதி பயம் போய்விடும்.

4. வாசலில் ஒரு நொடி நின்று போ. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் தேங்கிய மின்னேற்றம் அதன் வழியே மண்ணில் இறங்கிவிடும். நீயும் வீட்டுக் கவலையை, பஸ்ஸில் பட்ட எரிச்சலை வகுப்பு வாசலிலேயே இறக்கிவிடு. மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடு. பயந்த ஆசிரியருக்குத்தான் சீக்கிரம் கோபம் வரும். பயத்தை மறைக்கப் பிரம்பை எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ அடிக்காதே.

5. பெயரைக் கேள், தெருவைக் கேட்காதே. நம் பக்கத்து ஊர்களில் "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பின்னால் சாதி நிற்கிறது. பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். அப்பா என்ன வேலை செய்கிறார் என்றும் முதல் நாளில் எல்லோர் முன்னாலும் கேட்காதே. ஆலை விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை அந்த வரிசையில் இருக்கலாம். ஒருத்தி பதில் சொல்லாமல் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெயர் போதும். அதைத் தப்பில்லாமல் கூப்பிடக் கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை உன் பக்கம் வந்துவிடும்.

6. தூங்குகிற பிள்ளையை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மா விடியலில் ஆலை வேனில் ஏறிப் போயிருப்பாள். தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டு வந்தவள்தான் உன் முன்னால் கண் சொருகுகிறாள். இந்தப் பிள்ளைகளின் பாட்டிமாரில் பலருக்குக் குழந்தைப் பருவமே தீப்பெட்டி ஒட்டுவதில் கழிந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசர் தன் படிப்பைப் பாதியில் விட்டவர். முதலமைச்சரான பிறகு பள்ளியில் மதிய உணவு போட்டார். இத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்த பிள்ளை அது. வந்து உட்கார்ந்ததே பெரிது என்று நினை. உன் குரல் தானாகக் கனியும்.

7. தெரியாததைத் தெரியாது என்று சொல். "மத்தாப்புல பச்சை எப்படி டீச்சர் வருது?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்; மறுநாள் சொன்னேன். பச்சைக்கு பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு. பதிலைவிட, சொன்ன வாக்கை டீச்சர் மறக்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. கேட்டதெல்லாம் தெரிந்த ஆசிரியர் எங்கும் இல்லை. வாக்குத் தவறாதவராக நீ இருக்கலாம்.

8. வெடிச்சத்தம் கேட்டால் முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருநாள் பாடத்தின் நடுவில் தொலைவில் பெரிய சத்தம். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள்; எந்த ஆலை, யார் வீட்டு ஆள் என்று ஒவ்வொரு முகத்திலும் கேள்வி. பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவருகே தரையில் உட்கார்ந்து, அழுகிறவர்களை மடியோடு சேர்த்துக்கொண்டார். ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்லவில்லை. "விசாரிக்க ஆள் போயிருக்கிறது, அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்" என்றார். இந்த ஊரில் ஆசிரியர் வேலையின் பாதி அதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். கை நடுங்கினாலும் பரவாயில்லை, கூட இரு.

9. முதல் நாளைக்கு மதிப்பெண் போடாதே. பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடம் இந்த மாவட்டத்துக்குப் பலமுறை வந்திருக்கிறது, 2023இலும் வந்தது. அந்தப் பெயரின் சுமை புதிதாக வருகிறவர் தோளிலும் விழும். அவசரப்படாதே. விதைத்த அன்றே விளைச்சலைக் கேட்பார் இல்லை. மாலையில் வீடு திரும்பியதும் பாடம் எப்படிப் போனது என்று யோசிக்காதே. இன்று யாருடைய குரலை நான் கேட்கவே இல்லை என்று யோசி. அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள். செவ்வாய்க்கிழமை வகுப்பை அவர்களிடமிருந்து தொடங்கு.