கொஞ்சம் இறங்கினால் தரை தெரியும்

அன்புள்ள தம்பி,

அரக்கோணம் ராஜாளி தளத்தில் சேத்தக் ஹெலிகாப்டர் ஓட்டத் தொடங்கிவிட்டாய். மகிழ்ச்சி. இன்ஜின் நின்றால் இறங்கும் பயிற்சியைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கலெக்டிவ் நெம்புகோலை இறக்குவது, ரோட்டரைச் சுற்றவிடுவது, இடம் பார்ப்பது எல்லாம் கைக்குப் பழகிவிடும். என் கவலை வேறு. இன்ஜின் நன்றாக ஓடும்போதே மேகம் வந்து மூடிக்கொள்ளும்.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இயந்திரக் கோளாறு இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்து, பைலட்டுக்கு நிலை குழம்பியது என்றது விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எனக்கும் ஒருமுறை அப்படி மூடியது. கொஞ்சம் இறங்கினால் தரை தெரியும் என்று இறங்கினேன். தெரிந்தது தரையல்ல, தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் உச்சி.

நிலை குழம்புவது இப்படித்தான்: காதுக்குள் உள்ள திரவம், மெதுவான திருப்பத்தைப் பத்து இருபது விநாடியில் மறந்துவிடும். பிறகு சாய்ந்து பறப்பதே நேராகப் பறப்பதுபோல் இருக்கும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி பறக்கவைத்துச் சோதித்தார்கள்; கட்டுப்பாடு போகச் சராசரியாக 178 விநாடி ஆனது. அதுவும் சிறுவிமானத்தில். ஹெலிகாப்டர் அதைவிட அடங்காதது.

மேகம் மூடியதும் செயற்கைத் தொடுவானக் கருவியைப் பார்த்து மட்டமாக்கு. எதிரே மலை என்று தெரிந்தாலொழியத் திருப்பாதே. பவரைக் கூட்டு, ஏறும் வேகத்துக்கு வா, ஏறு. ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700உம் அதற்கப்புறம்தான்.

எதுவரை ஏறுவது என்பதை மேகத்துக்குள் யோசிக்க முடியாது. கிளம்பும் முன்பே தொடையில் கட்டிய அட்டையில் இருக்க வேண்டும். வழியை ஒட்டிய மிக உயர்ந்த தடைக்கு மேல் சமவெளியில் 1,000 அடி, மலையில் 2,000. தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. அந்தப் பக்கம் போனால் உன் எண் 10,650. ஆல்டிமீட்டரில் அன்றைய காற்றழுத்தத்தை வைக்க மறந்தால் அந்த எண்ணும் பொய். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகு என்றால் ஏறத்தாழ 30 அடி.

உன் பயிற்சிப் பகுதிக்குப் பக்கத்தில்தானே திருத்தணிக் குன்று? அதன் உயரம் எத்தனை அடி? அடுத்த கடிதத்தில் எழுது. வரைபடத்தைப் பார்க்காமல்.

அன்புடன்,
அண்ணன்