சுவருக்குச் சுடுமண் போர்வை

ஓர் ஊராட்சி மன்றத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்ப மதிப்பீடு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைகள் எத்தனை, தளம் எத்தகையது என்பவை முடிவான பின் முகப்பைப் பற்றிய பேச்சு எழும். வண்ணம் பூசினால் சில மழைக்காலங்களில் பாசி படர்ந்துவிடுகிறது. கண்ணாடி வைத்தால் உள்ளே அனலடிக்கிறது. “நகரத்தில் ஒரு கட்டடம் கண்டேன், சுவர் முழுவதும் செம்மண் நிறத்தில் சுட்ட பலகை பதித்திருந்தார்கள்” என்று உறுப்பினர் ஒருவர் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் அப்பலகைகளைச் சுவரில் பதித்திருந்தார்களா, அல்லது மாட்டியிருந்தார்களா என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையே இப்பாடத்தின் பொருளாகும்.

சுடுமண்ணைக் கட்டடத்தின் மேற்போர்வையாக உபயோகிப்பது புதிய வழக்கமன்று. லண்டன் மாநகரில் 1881-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சுவர்கள் உள்ளும் புறமும் சுடுமண் கற்களால் மூடப்பட்டவை. அக்காலத்து லண்டனின் நிலக்கரிப் புகை எந்தக் கல்லையும் கறுக்கச் செய்து அரித்துவிடும். நன்கு சுட்ட மண்ணையோ கழுவிவிடலாம். அமெரிக்காவில் காரணம் வேறு. 1871-இல் சிகாகோ நகரைப் பெருந்தீ அழித்தபோது, மூடாமல் விட்டிருந்த இரும்பு வெப்பம் தாளாமல் நெகிழ்ந்து போயிற்று. ஏற்கெனவே சூளையில் வெந்த மண்ணுக்குத் தீயினால் அவ்வளவாகக் கேடில்லை அல்லவா? ஆகவே இரும்புச் சட்டங்களைச் சுடுமண்ணால் மூடும் வழக்கம் அங்கே பரவிற்று.

இவ்வழக்கத்தின் உச்சம் என்று சொல்லத்தக்கது நியூயார்க் நகரில் 1913-இல் திறக்கப்பட்ட உல்வொர்த் கட்டடம். உயரம் 241 மீட்டர். 1930 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடம் அதுவே. அதன் எஃகுச் சட்டத்தின் மேல் வெண்ணிற மெருகேற்றிய சுடுமண் கற்களை அடுக்கிப் போர்த்தியிருந்தார்கள். பார்ப்பதற்கு மிக அழகு. ஆயினும் எழுபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1970-களின் இறுதியில் தொடங்கிய பழுதுபார்ப்பில், சுமார் 26,000 சுடுமண் துண்டுகளை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் சிமெண்டு வார்ப்புக் கற்களை வைக்க வேண்டியதாயிற்று. மண் கெட்டுப்போனது என்று சிலர் எண்ணக்கூடும். மண்ணின் மேல் அவ்வளவு குற்றமில்லை.

என்ன நேர்ந்தது என்பதை விவசாய அன்பர்கள் எளிதில் உணர்வார்கள். சூளையிலிருந்து வெளிவரும்போது சுட்ட மண்ணில் துளி ஈரமும் இராது. பிறகு அது காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக் கணக்கில் மெல்ல உட்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் பருக்கிறது. பருத்தது திரும்பச் சுருங்குவதுமில்லை. உள்ளிருக்கும் சட்டமோ பாரத்தால் சற்றே அமுங்குகிறது. வெயிலில் விரிவதும் இரவில் சுருங்குவதும் இவற்றோடு சேரும். கற்களுக்கிடையே அசைவுக்கு இடம் விடாமல் சாந்து வைத்து இறுக்கிவிட்டால், ஒன்றை ஒன்று நெருக்கி விளிம்புகள் தெறிக்கின்றன. தெறித்த வெடிப்பில் மழைநீர் புகுகிறது. உள்ளே போன நீர், மெருகு தடுப்பதால், வெளியே வர வழியில்லாமல் கல்லைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பாறையில் அடித்த ஆப்பைப் போல அது கல்லைப் பிளந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒரு மயிரிழைக் கோடு மட்டுமே தெரியும்.

இதற்கு மாற்று வழி ஜெர்மனியில் 1980-களில் உருவாயிற்று. மியூனிக் நகரக் கட்டடக் கலைஞர் தாமஸ் ஹெர்சாக் என்பவர் ஓடு செய்வோருடன் சேர்ந்து இதனை வகுத்தார். பின்னர் இத்தாலியரான ரென்ஸோ பியானோ பாரிசிலும், 1990-களில் பெர்லினின் போட்ஸ்டாமர் சதுக்கத்திலும், 2010-இல் லண்டனிலும் பெரிய கட்டடங்களுக்குச் சுடுமண் போர்வை அணிவித்தார். இம்முறையின் சூட்சுமம் நமக்கு அந்நியமானதன்று. மங்களூரில் 1865-இல் பாசல் மிஷனார் தொழிற்சாலை நிறுவியது முதல் தென்னாட்டில் பரவிய ஓட்டைப் பாருங்கள். ரீப்பரின் மேல் ஓடு சாந்தில்லாமல் அமர்கிறது. அடியிலுள்ள சிறு புடைப்பு அதனை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. ஓட்டின் கீழே காற்று உலாவுகிறது. ஒன்று உடைந்தால் அதை மட்டும் எடுத்து வேறொன்றைச் செருகலாம். அந்த ஓட்டுக் கூரையை நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தினால் எப்படியோ, அப்படிப்பட்டதே புது முறை.

சுவரில் முதலில் உலோகச் சட்டங்களைப் பொருத்துகிறார்கள். அவற்றில் கொக்கிகளால் பலகைகளை மாட்டுகிறார்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. அது மேலும் கீழும் திறந்திருக்கும். பலகைகளின் நடுவேயும் சாந்து கிடையாது. மழை பெரும்பாலும் பலகையிலேயே வழிந்துவிடும். தப்பிப் புகுந்த நீர் இடைவெளியில் இறங்கி அடிவழியே வெளியேறும். மிச்ச ஈரத்தைக் காற்று உலர்த்தும். வெயிலில் பலகை சூடேறும்போது உள்ளே உள்ள காற்று மேலெழுந்து வெளியேற, கீழிருந்து புதுக் காற்று வருகிறது. ஆகையால் பின்னுள்ள சுவர் அவ்வளவாகச் சூடேறுவதில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே தளமுள்ள சிற்றூர்க் கட்டடத்தில், சித்திரை வைகாசியில் வெப்பம் மிகுதியாக இறங்குவது மேல்தளத்தின் வழியாகத்தான். கையிலுள்ள பணம் கொஞ்சமாயின் முதலில் மேல்தளத்துக்குத் தட்டோடு பதித்து ஒழுக்கில்லாமல் செய்க. அடுத்தபடி பிற்பகல் வெயில் அறையும் மேற்குச் சுவருக்குப் போர்வை இடலாம். வடக்குச் சுவருக்கு வேண்டியதே இல்லை. முகப்பு தெற்கு நோக்கியதாயின், தாழ்வாரம் ஒன்றே நிழலுக்குப் போதும். அழகுக்காக நாற்புறமும் போர்த்துவது பொதுப் பணத்துக்குப் பொருந்தாத செலவென்பது எம் கருத்து.

பலகையைத் தேர்வது எப்படி? விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் வெடிப்போ வேகாத நடுப்பகுதியோ இருக்கும். பிறகு, நன்கு உலர்ந்த பலகையை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 2 கிலோ இருந்தது 2.2 கிலோ ஆனால் 10 சதவிகிதம் நீர் உண்டது என்று பொருள். முகப்புக்கு அதற்கு மேற்பட்டதை எடுக்காதிருப்பது நலம். ஊறிய பலகை காய்ந்த பின் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க் குயவரிடமே செய்து வாங்கலாகாதா என்ற கேள்வி எழும். மானாமதுரையின் கடமும் பானையும் நாடறிந்தவை. அங்குள்ள கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் முகப்புப் பலகைக்கு 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூடும், எல்லாப் பலகையும் ஒரே அளவாக வரும் கண்டிப்பும் தேவை. உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கினால் சட்டத்தில் அமராது. விறகும் வைக்கோலும் இட்டு மூட்டும் சூளையில் இது எளிதன்று. ஆகவே மழை படாத தாழ்வாரச் சுவருக்குச் சிற்பப் பலகைகளும், சாளரத்துக்குக் காற்றும் நிழலும் தரும் கண்ணறைக் கற்களும் குயவரிடம் வாங்குவதே இரு தரப்பாருக்கும் நலம் தரும்.

இனி ஒப்பந்தத்தைப் பற்றி. சதுர மீட்டருக்குப் போர்வையின் எடை பெரும்பாலும் 30 முதல் 60 கிலோ வரை இருக்கும். 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் 900 முதல் 1,800 கிலோ தொங்கும் என்று கணக்காகிறது. பழைய சுவர் அதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் அவசியம். கடலோர ஊர்களில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செலவைக் குறைக்க முற்படும் ஒப்பந்தக்காரர் பலகையில் குறைக்க மாட்டார். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கொக்கியிலும் சட்டத்திலும்தான் குறைப்பார். சட்டம் பொருத்தி முடிந்ததும், பலகை ஏற்றுமுன், உறுப்பினர்கள் ஒரு முறை நேரில் சென்று காண வேண்டும். இடைவெளியின் அடிவாயில் கம்பிவலை இருக்கிறதா என்றும் அப்பொழுதே பார்த்துவிடலாம்; இல்லையேல் எலியும் குளவியும் குடியேறும்.

சட்டமும் கொக்கியும் வாங்கப் பணம் போதவில்லையென்றால், பலகையைச் சிமெண்டில் ஒட்டி உயரத்தில் நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுண்ணாம்பு அடித்துக்கொள்வது மேல். நியூயார்க்கில் 1979-ஆம் ஆண்டு, பழைய கட்டடமொன்றின் முகப்பிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டினால் வீதியில் சென்ற கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டுமென்று அந்நகரம் சட்டம் செய்தது. நம் கட்டடம் ஒரே மாடிதான். ஆனால் அதன் வாயிலில் ரேஷன் கடைக்கு வரும் கூட்டமும் பள்ளிப் பிள்ளைகளும் நிற்பார்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஓர் ஏணி வைத்து, அசையும் பலகை உண்டா என்று கையால் தொட்டுப் பார்க்கச் செய்க.

வாங்கும்போதே நூற்றுக்கு ஐந்து பலகைகளைக் கூடுதலாக, அதே சூளை வேக்காட்டிலிருந்து வாங்கி வைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து வாங்கினால் நிறம் ஒத்துவராது. அவற்றின் எண்ணிக்கையைப் பொருள் இருப்புப் பதிவேட்டில் எழுதி, வைத்திருக்கும் அறையையும் குறித்து வைக்க.