பாலவாக்கத்து மணலில் ஆமைக்குத் தழை பறிப்பவர்களுக்கு

வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் தழை தேட வேண்டாம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வளர்ப்பது குற்றம். ராசி என்று சொல்லி யார் கொடுத்திருந்தாலும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கீழே உள்ளவை சல்காட்டா வளர்ப்பவர்களுக்கு. சகாராவின் தென் ஓரத்து வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த இந்த ஆமையையும் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே வளர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

புல்லே பிரதானமாக இருக்கட்டும். அருகம்புல் இந்த மணலில் தாராளமாக வரும். பச்சையாகவும் போடலாம், உலர்த்தியும் போடலாம். நார்ச்சத்து குறைந்தால் இதன் குடல் ஒழுங்காக வேலை செய்யாது.

புல்லோடு செம்பருத்தி இலையும் பூவும், கோவைக்கொடி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கள்ளி மடலில் சுண்ணாம்புச் சத்து நிறைய. ஓட்டுக்கு அது வேண்டும். அந்தச் சத்து உடம்பில் சேர வெயிலும் வேண்டும்.

மழைக்குப் பின் காலிமனைகளில் மூக்கிரட்டை படரும். அதுவும் ஆகும், ஆனால் பக்கத்திலேயே சாரணையும் படர்ந்திருக்கும். குனிந்து பூவைப் பாருங்கள். மூக்கிரட்டையின் பொடிப்பொடியான இளஞ்சிவப்புப் பூக்கள் மெல்லிய காம்புகளில் இலைக்கு மேலே தூக்கி நிற்கும். சாரணையின் பூ இலைக்கக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். சாரணையில் ஆக்சலேட் அதிகம்; அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பருப்புக்கீரையும் அப்படித்தான், எப்போதாவது கொஞ்சம் போதும்.

செய்யக்கூடாதவை

பெயர் நிச்சயமாகத் தெரியாத செடியைப் பறிக்காதீர்கள். கிள்ளினால் பால் வடியும் எருக்கு, திருகுகள்ளி இரண்டும் கூடவே கூடாது. ஆனால் பால் வரவில்லை என்பதாலேயே ஒரு செடி நல்லதாகிவிடாது. ஊமத்தை, உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஆமணக்கு எதிலும் பால் வராது, அத்தனையும் ஆகாதவை. அரளியில் ஓர் இலைகூட வேண்டாம், அதன் நஞ்சு நேரே இதயத்தைத் தாக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது நித்தியகல்யாணி. கடலோர மணலில் யாரும் நடாமலே வளர்கிறது, பார்க்கவும் சாதுவாக இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. செல்கள் பிரிவதையே தடுக்கும் சரக்கு அது. ஆமை உலவும் இடத்தில் முளைத்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில், கொசுமருந்து அடித்த இடத்தில், நாய்கள் ஒதுங்கும் மூலையில் பறிக்காதீர்கள்.

சோறு, பருப்பு, ரொட்டி, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். ஆசையாகத் தின்னும்தான், பாழாவது அதன் குடல்.

கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அது கடலாமை, தழை தின்னாது, தொட்டியில் பிழைக்காது.

தவறான செடியைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். ஆமைக்குச் செரிமானம் மெதுவாக நடக்கும், அறிகுறி தெரியச் சில நாள்கூட ஆகலாம். அந்தச் செடியின் கிளை ஒன்றையும் ஒடித்து எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.