எருக்கம்பூ மாலையும் முள்முடியும்

வேதபகுதி: லூக்கா 23:1-25; யோவான் 10:17-18

இயேசு கிறிஸ்துவின்மேல் சுமத்தப்பட்ட குற்றம் ஒரே இரவுக்குள் மாறிப்போனதைச் சுவிசேஷங்களை ஊன்றி வாசிப்போர் காணலாம். ஆலோசனைச் சங்கத்தில், காய்பாவின் முன்னிலையில், அவர்மேல் கூறப்பட்டது தேவதூஷணம். விடிந்ததும் பிலாத்துவின் அரண்மனையில் அந்தப் பேச்சே இல்லை. ஜனங்களைக் கலகப்படுத்துகிறார், இராயனுக்கு வரி கொடுப்பதைத் தடுக்கிறார், தம்மை ராஜா என்கிறார் என்பனவே அங்கே வாசிக்கப்பட்ட குற்றங்கள். வரியைக் குறித்துச் சில நாட்களுக்குமுன் அவர் சொன்னதோ இதற்கு நேர்மாறானது. ரோம அதிபதிக்குத் தேவதூஷணம் ஒரு பொருட்டல்ல. ராஜத்துரோகம் என்றால்தான் அவன் காது கொடுப்பான். ஆகவே உண்மையான பகை மறைக்கப்பட்டு, நீதிமன்றத்துக்கு ஏற்ற குற்றம் ஒன்று உண்டாக்கப்பட்டது.

பிலாத்து மூன்று முறை அவரிடத்தில் குற்றமில்லை என்றான். ஏரோதும் மரணத்துக்கு ஏதுவானது எதையும் காணவில்லை. அப்படியிருந்தும், அவரைத் தண்டித்து விடுதலையாக்குவதாகப் பிலாத்து சொன்னது விந்தையிலும் விந்தை. குற்றமே இல்லாதவனுக்குத் தண்டனை எதற்கு? பாதி அநீதி செய்து முழு அநீதியைத் தவிர்க்கலாம் என்று எண்ணிய நியாயாதிபதி முடிவில் முழு அநீதியையே செய்தான். மெய்யாகவே கலகமும் கொலையும் செய்திருந்த பரபாஸ் விடுதலையானான். அவனுடைய குற்றத்தின் பெயரால் குற்றமற்றவர் சிலுவைக்குச் சென்றார்.

தென்திருவிதாங்கூரில் நடந்த ஒரு சம்பவம் இவ்வேதபகுதியை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மா மன்னரின் ஆட்சியில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவிப்பவரானார். அவருடைய நட்பு நீலகண்டனுக்குக் கிடைத்தது. கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னதாக வரலாறு கூறுகிறது. துன்பம் வந்தால் பாவம் செய்திருப்பான் என்று யோபுவின் சிநேகிதர் தீர்த்தார்கள். தேவனோ அவர்களுடைய தீர்ப்பைத் தள்ளிவிட்டார். குற்றமற்றவனும் பாடுபடுவான் என்ற இந்தப் பாடமே நீலகண்டன் கேட்ட முதல் வேதபாடம். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்னும் பெயரின் பொருளைத் தமிழில் கொண்டு தேவசகாயம் எனப்பட்டார்.

1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். ராஜத்துரோகம், அரசாங்க இரகசியங்களை அந்நியருக்கு வெளியிட்டமை என்பன அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள் என்பர். மார்த்தாண்டவர்மா மதத்துக்காக எவரையும் தண்டித்ததில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் மறுப்பதையும் இங்கே சொல்வது நேர்மை. டிலனாய் என்னும் கிறிஸ்தவரையே படைக்குத் தலைவராக்கிய மன்னர் அவர் என்பது உண்மைதான். ஆனால் டிலனாய் அந்நியர். தேவசகாயமோ உயர்ந்த சாதியார். தாழ்த்தப்பட்டோரோடு வேற்றுமையின்றிப் பழகி, சமமாக அமர்ந்து உண்டவர் என்று அவரைப் பற்றிய மரபு சொல்கிறது. அக்காலத்துத் திருவிதாங்கூரில் இதைக் காட்டிலும் பெரிய துரோகம் வேறென்ன இருந்திருக்கக்கூடும்? ஆனால் குற்றப்பத்திரிகையில் இதை எழுத முடியாது.

எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, கழுத்தில் எருக்கம்பூ மாலையிட்டு ஊர் ஊராக அவரைக் கொண்டுசென்றனர். எருக்கம்பூ மாலை தண்டனைக்குரியவனுக்கு இடப்படுவது. முள்முடியைப் போலவே பரிகாசத்துக்கான அணிகலன். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்துக்குப் பாறை நீர் கொடுத்தது என்று பக்தர்கள் சொல்லுவர். அந்த அற்புதத்தைவிட ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது வேறொன்று உண்டு. விசுவாசத்தை மறுதலித்தால் விடுதலை என்னும் வாசல் அவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் திறந்தேயிருந்தது.

குற்றமற்றவனாயிருப்பது வேறு, தியாகம் செய்வது வேறு. அநியாயமாய்த் தண்டிக்கப்படுகிற ஒவ்வொருவனும் பரிதாபத்துக்குரியவன். ஆனால் தப்ப வழியில்லாமல் மாண்டவனைத் தியாகி என்பது பொருந்தாது. வழி இருந்தும் அன்பினிமித்தம் அதன் வழியே போகாதவனுடைய பாடே தியாகம். ஒருவரும் தம் ஜீவனைத் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே அதைக் கொடுப்பதாக இயேசு முன்னமே அறிவித்திருந்தார். கெத்செமனேயில் பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதர்களை வேண்டிக்கொள்ளலாமென்று சொல்லியும், அவர் வேண்டிக்கொள்ளவில்லை. காய்பாவும் பிலாத்துவும் தாங்களே அவருடைய முடிவை நிர்ணயித்ததாக எண்ணினார்கள். அவரோ தம்மை அறைந்தவர்களுக்காக மன்னிப்பு வேண்டிக்கொண்டிருந்தார். தம்மைப் பலியாக மட்டும் எண்ணுகிறவன் பகைவருக்காக ஜெபிப்பது அரிது. தம்மையே ஒப்புக்கொடுத்தவரால் அது முடிந்தது.

தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சிய எலும்புகளை விசுவாசிகள் எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, சாதியைக் குறிக்கும் ‘பிள்ளை’ என்ற சொல்லை அவர் பெயரோடு சேர்த்து வழங்குவதை வத்திக்கான் கைவிட்டிருந்தது.