சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

பெங்களூரில் ஸ்ரீராம்புரம் என்று ஒரு பகுதி. தமிழர்கள் நிறைய வாழும் இடம். அங்கே ஒரு வீடு. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

"அம்மா, பனிக்கட்டி உருகினால் தண்ணீர். தண்ணீர் கொதித்தால் ஆவி. உள்ளே என்னதான் மாறுகிறது?" என்று மகள் கேட்டாள்.

நல்ல கேள்வி. தண்ணீர் மிக மிகச் சிறிய துகள்களால் ஆனது. அவை கண்ணுக்குத் தெரியாது. இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கார்ல் வீமன் என்ற விஞ்ஞானி 2002-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஃபெட்'. பிள்ளைகள் அறிவியலை விளையாட்டுப் போலச் செய்து பார்க்கலாம். காசு கிடையாது. இணையம் உள்ள செல்போன் போதும்.

மகள் அம்மாவின் போனில் அதைத் திறந்தாள். திரையில் ஒரு பாத்திரம். உள்ளே தண்ணீர்த் துகள்கள் கட்டியாகச் சேர்ந்து இருக்கின்றன. இருந்த இடத்திலேயே நடுங்குகின்றன. இது திடப்பொருள்.

மகள் அடியில் சூடு ஏற்றினாள். துகள்களின் பிடி தளர்ந்தது. ஒன்றை ஒன்று உரசி நழுவின. ஆனால் கூட்டம் கலையவில்லை. இது திரவம்.

இன்னும் சூடு ஏறியது. துகள்கள் தனித்தனியே பறந்தன. பாத்திரம் முழுவதும் பரவின. இது வாயு.

"பஸ்ஸில் நெருக்கி நிற்கிறோம். இறங்கியதும் ஆளுக்கு ஒரு பக்கம் போகிறோம். அது போலவா?" என்றார் அம்மா.

"ஆமாம் அம்மா. ஆள் மாறவில்லை. இடைவெளிதான் மாறுகிறது."

அம்மா சொன்ன உதாரணம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனால் பொருத்தமானது. துகள் உருகுவதும் இல்லை, வீங்குவதும் இல்லை.

திரையில் பார்த்தால் மட்டும் போதாது. அடுப்பிலும் பார்க்க வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பாடத்தில் இருக்கும். அது கடல் ஓரத்து ஊர்களுக்குச் சரி. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் சுமார் 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சிலிண்டரை நகர்த்தும்போது உள்ளே தண்ணீர் போலச் சத்தம் வருகிறதே. உள்ளே இருப்பது கேஸ் இல்லையா?"

உள்ளே பெரும்பகுதி திரவம்தான். கேஸை அழுத்தி, துகள்களை நெருக்கி, திரவமாக்கி அடைக்கிறார்கள். வெளியே வந்ததும் அது வாயுவாகிறது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். சிறு கசிவும் ஆபத்தாவது இதனால்தான்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையில் படிந்து நிற்கும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேஸுக்கு இயல்பாக வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்றே நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

நாற்றம் வந்தால் தீக்குச்சி உரசக் கூடாது. லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவிலும் பேசலாம்.

உங்கள் வீட்டு ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்? இன்றே பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.