கழற்றி வைத்த பிரதி

அன்பு மகளுக்கு,

நீ கணக்குப் பார்க்கும் சங்கத்துக் கணினியில் விண்டோஸ் 11 ஏற்றியாயிற்று, கணக்கு மென்பொருளும் புதிய பதிப்புக்கு வந்துவிட்டது, எல்லாம் முன்னைவிட வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்ட பின் பழையதிலேயே கிடப்பது நல்லதல்ல. ஆனால், ‘இனிப் பயமில்லை’ என்று கடைசியில் ஒரு வரி எழுதினாயே, அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். பதிப்பை உயர்த்துவது ஒரு வேலை. தரவைக் காப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்ட நிம்மதியில் இரண்டாவதை மறந்துபோகிறோம்.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பார். 2023 ஓகஸ்ட் இறுதியில், அரச மின்னஞ்சல்களைத் தாங்கிய லங்கா கவர்மென்ட் கிளவுட், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை 12 மணி நேரத்துக்குள் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் திரும்பி வரவில்லை. அந்தச் சேவையகம் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பில் ஓடியது. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 2021 முதலே மாற்ற நினைத்தும் பணமில்லாமலும் முடிவுகள் தள்ளிப்போயும் தாமதமானது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கியது. பலரும் பழைய பதிப்பையே குற்றம் சொன்னார்கள். கள்வன் எப்படி உள்ளே வந்தான் என்பதற்கு அது பதிலாகலாம். இழந்த மூன்று மாதக் கடிதங்கள் ஏன் மீளவில்லை என்பதற்கு அது பதிலல்ல. பிரதி எடுக்கும் ஏற்பாடும் அதே தாக்குதலில் சிக்கியது. அந்த நாட்களுக்கு வலையமைப்புக்கு வெளியே தனிப் பிரதி இருக்கவில்லை. அதன் பிறகுதான் நாள்தோறும் ஓஃப்லைன் பிரதி எடுப்பதென்று முடிவெடுத்தார்கள். அதாவது, இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்த பிரதி. புதுப்பதிப்பு ஒரு கதவைத்தான் பூட்டுகிறது. வட்டு பழுதாவதையும், மின்வெட்டில் கோப்பு குலைவதையும், கை தவறி அழிப்பதையும் அது தடுக்காது. கழற்றி வைத்த பிரதி இவை எல்லாவற்றுக்கும் உதவும்.

புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பாத்தியில் விளைந்திருக்கும் உப்பு இன்னும் உப்புக்காரனுடையதல்ல. வாரிக் கரையேற்றிக் குவித்து, கிடுகு போட்டு மூடிய பிறகுதான் அவனுடையது. கணினிக்குள் மட்டும் கிடக்கும் கணக்கு பாத்தியில் கிடக்கும் உப்பு.

‘பதிப்பு மாறும்போது கோப்புகள் அப்படியே இருக்குமென்று விண்டோஸே சொல்கிறதே’ என்பாய். பெரும்பாலும் இருக்கும். ஆனால் 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலருடைய டொக்கியுமென்ட்ஸ் கோப்புகளையே அழித்ததால், சில நாட்களில் மைக்ரோசொப்ட் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய அமைப்பு ‘விண்டோஸ் டொட் ஓல்ட்’ என்ற கோப்புறையில் இருப்பதும் வழக்கமாகப் பத்து நாட்களுக்குத்தான். பிறகு தானாக அழிந்துவிடும். ஏதோ குறைகிறதென்று மாத முடிவில் கணக்குப் பார்க்கும்போது கண்டுபிடித்தால் அது கைக்கு எட்டாது. அதோடு, நிரல்கள் தமக்கென எழுதிக்கொள்ளும் தரவு நம் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. பல நிரல்கள் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறையில் வைக்கின்றன. கணக்கு மென்பொருளின் கோப்பைத் திறந்திருக்கும்போதே இழுத்துப் போட்டால் பாதி எழுதிய நிலையில் பிரதியாகலாம். அதன் சொந்த பெக்கப் கட்டளையால் எடு. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் அந்தக் கணினியின் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. கோப்புறையைப் பிரதி செய்தால் போதாது, பிரவுசரிலிருந்தே முறைப்படி வெளியே எடுக்கவேண்டும். பதிப்பு மாறுமுன் எடுத்த பிரதி இருக்கிறது என்று நின்றுவிடாதே. புதிய பதிப்பு தரவின் அமைப்பையே மாற்றியிருந்தால், இன்றைய வேலைக்கு இன்றைய பிரதிதான் உதவும். பழையதையும் எறியாமல், அதைத் திறக்கக்கூடிய பழைய நிறுவல் கோப்போடு சேர்த்து வை.

இணையத்தில் கூகுள் டிரைவ் இருக்கும்போது பென் டிரைவ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வைத்திரு, நல்லது. ஆனால் ஒத்திசைவு என்பது இங்கே அழித்ததை அங்கேயும் அழிப்பது. குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். பெரிய இடமென்றால் பத்திரம் என்றும் எண்ணாதே. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையம் தீப்பற்றியபோது, அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் தரவு போய்விட்டது. அளவு மிகப் பெரிதென்பதால் அதற்கு வேறிடத்தில் பிரதி வைத்திருக்கவில்லை என்றார்கள். சங்கத்தின் கணக்கு முழுதும் சட்டைப் பையில் அடங்கும். அந்தச் சாக்கு உனக்கு இல்லை.

‘சின்னச் சங்கம், எங்களை யார் தாக்கப்போகிறார்கள்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இழப்பு ஆளின் பெருமை பார்த்து வருவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் நம் கரைக்கே வந்தார்கள். காணி உறுதியைக் கொண்டுவர முடியாதவர்கள் தம் காணியைத் தமதென்று நிறுவப் பட்ட பாட்டைப் புத்தளமும் கற்பிட்டியும் அறியும். அங்கத்தவர் ஒருவரின் சேமிப்பு, கடன், பங்கு ஆகியவற்றுக்கு இன்று உன் கணினியிலுள்ள பதிவே சாட்சி. அதை இழந்தால் கெஞ்சவேண்டியவர்கள் அவர்கள், நீயல்ல.

பென் டிரைவும் பழுதாகும், தொலையும் என்பாய். மெய்தான், நம் உப்புக்காற்று அதன் முனையை விரைவில் அரிக்கும். ஆகவே இரண்டு வை: ஒன்று பென் டிரைவ், மற்றது வெளி ஹார்ட் டிஸ்க். காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு போடு. ஒன்றைச் சங்கத்திலும் மற்றதை வேறு கட்டடத்திலும். அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்குகளும் உள்ளே இருப்பதால் கடவுச்சொல்லால் பூட்டு. பிரதி எடுத்தவுடன் கழற்று; செருகியே கிடந்தால் கணினிக்கு வரும் நோய் அதற்கும் வரும். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து, நீ அறிந்த ஓர் அங்கத்தவரின் மீதித்தொகை சரியாக வருகிறதா என்று பார்.

பதிப்பு மாற்றி இன்று எத்தனை நாள் என்று எண்ணிப் பார். பத்து ஆகவில்லையென்றால் பழைய கோப்புறை இன்னும் கைக்கெட்டும்; எப்படியானாலும் இன்றிரவே முதல் பிரதியை எடு. எடுத்து, திறந்து பார்த்த பிறகு எனக்கு எழுது.

வஸ்ஸலாம்,
சாச்சா