பாதம் காக்கும் காலணி

கிள்ளான் நகருக்கு வடக்கே உள்ளது மேரு. புராணத்துப் பொன்மலையை நினைவூட்டும் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது பெரும்பாலும் சமநிலமே. காலை ஏழு மணிக்கு அங்குள்ள தொழிற்பேட்டைகளை நோக்கிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தால், ஓட்டுபவரின் கால்களே அவருடைய தொழிலைச் சொல்லிவிடும். முழங்காலைத் தொடும் இரப்பர் காலணி அணிந்தவர் ஈரத்தரையில் நின்று வேலை செய்பவர். மரத்தூள் படிந்த கறுப்புத் தோல் காலணி அணிந்தவர் தளவாடத் தொழிற்சாலைக்குப் போகிறவர். இவர்களுக்கிடையே ஜப்பான் சிலிப்பரோடு செல்பவர்களும் உண்டு. அவர்களிடம் பாதுகாப்புக் காலணி இல்லாமல் இல்லை. அது வண்டியின் கைப்பிடியில் நெகிழிப்பைக்குள் தொங்கும், அல்லது தொழிற்சாலையில் ஏதேனும் மேசைக்கடியில் கிடக்கும். கையில் இருக்கும் காலணி காலில் ஏன் ஏறுவதில்லை? சோம்பலால் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அந்தக் காலணியை ஒருமுறை அணிந்து எட்டு மணி நேரம் நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இன்று கிடங்குகளும் தொழிற்சாலைகளும் நிற்கும் கிள்ளான் வட்டாரத்தில் முன்பு இரப்பரும் தென்னையும் செம்பனையும் பரந்து கிடந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த பால்வெட்டுத் தொழிலாளர்களுள் பலர் வெறுங்காலோடுதான் விடியற்காலையில் மரங்களுக்கிடையே நடந்தார்கள். அவர்களை அச்சுறுத்தியவை முள்ளும் பாம்பும் மட்டுமல்ல. முறையான கழிப்பறை இல்லாத குடியிருப்புகளைச் சுற்றியிருந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வளர்ந்தன. அவை பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, இறுதியில் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்தவர் சற்றுத் தொலைவு நடந்தாலே இளைத்துப்போவார். பார்ப்பவர் அதையும் சோம்பல் என்பார். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தது. உலகத்தின் காலணிகளுக்கு இரப்பர் எடுத்துக் கொடுத்தவர்களின் கால்களில் காலணி இல்லை!

பின்னாளில் தோட்டப்புறங்களில் முழுக்க இரப்பரால் ஆன ஒரு கறுப்புக் காலணி பரவியது. மக்கள் அதற்கு வேடிக்கையாகக் ‘கம்போங் அடிடாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். விலை மலிவு, எடை குறைவு, சேற்றிலும் பிடிமானம். நீர் புகுந்தாலும் கொட்டிவிட்டு நடக்கலாம். இன்று மலையேறுவோரும் அதைத் தேடி வாங்குகின்றனர். ஆயினும், தோட்டத்தில் நல்ல துணையாக இருந்த அதே காலணியோடு மரக்கிடங்கில் நுழைந்தால் நிலைமை வேறு. பலகை அடுக்குச் சரியும்போது, விரலுக்கும் பலகைக்கும் நடுவே இருப்பது மெல்லிய இரப்பர் மட்டுமே.

ஆகவே, காலணியைத் தேடுமுன் ஆபத்தைத் தேட வேண்டும். பொருள் விழுமா, ஆணி குத்துமா, தரை வழுக்குமா, நீர் தேங்குமா, எண்ணெய் சிந்துமா? தளவாடத் தொழிற்சாலையில் ஆணியும் பாரமும்தான் முதற்பகைவர்கள். கையுறைத் தொழிற்சாலையில் வழுக்கும் ஈரத்தரை. கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முற்றத்தில் பகல் வெயிலில் கொதிக்கும் தார்த்தரை. இம்மூன்றுக்கும் ஒரே காலணி போதும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்பாமல் இருப்பதே நல்லது.

பாதுகாப்புக் காலணிக்கெனப் பல நாடுகளில் பின்பற்றப்படும் தரம் ஐ.எஸ்.ஓ. 20345. அதன்படி, விரல்களின் மேல் அமைந்த கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. அடிபட்ட பிறகும் கவசத்திற்குள் காலணியின் அளவுக்கேற்ப 12.5 முதல் 15 மில்லிமீட்டர்வரை இடைவெளி எஞ்சியிருக்க வேண்டும். விரல்கள் தப்பிப் பிழைக்கும் இடம் அதுதான். ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம் மெதுவாக அழுத்தினாலும் கவசம் அமுங்கிவிடக் கூடாது. காலணியில் ‘எஸ்1’ என்று பொறித்திருந்தால், அது உலர்ந்த இடத்திற்கு உரியது. ‘எஸ்2’ என்பதன் மேற்பகுதி நீர் ஊடுருவுவதைத் தடுக்கும். ‘எஸ்3’ அத்துடன் ஆணி குத்தாத அடித்தட்டும் வரிப்பள்ளமுள்ள அடிப்பாகமும் கொண்டது. முழுக்க இரப்பரால் அல்லது நெகிழியால் வார்க்கப்பட்டவை ‘எஸ்4’, ‘எஸ்5’ எனப்படும். எஃகுக் கவசம் வளைந்து விரலையே வெட்டிவிடும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. எஃகையே வளைக்கும் பாரம் வெறும் விரலை என்ன செய்யும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு உறுதியும் காலணி காலில் இருந்தால்தான் பயன்படும். மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. நின்றுகொண்டே வேலை செய்பவரின் பாதம் நேரம் ஆக ஆகச் சற்று வீங்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்திய காலணி மாலையில் இறுகுவது இதனால்தான். எனவே, காலணி வாங்கக் கடைக்குப் போக உகந்த நேரம் பிற்பகல். வேலைக்கு அணியும் தடித்த காலுறையையும் கொண்டு செல்ல வேண்டும். ‘எட்டாம் எண் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவது போதாது. ஒரு நிறுவனத்தின் எட்டு மற்றொரு நிறுவனத்தின் எட்டாக இருப்பதில்லை. சாதாரணக் காலணி என்றால் கடைக்காரர் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எஃகுக் கவசத்தை அப்படி அழுத்திப் பார்க்க முடியாது. அதற்கு வேறு வழி உண்டு. கயிற்றைத் தளர்த்தி, விரல்கள் கவசத்தைத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ள வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் நுழைந்தால் அளவு சரி. பிறகு கயிற்றை இறுக்கிக் கட்டி, படியில் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது விரல் கவசத்தில் இடித்தால், அந்தக் காலணி ஒரு வாரத்தில் மேசைக்கடியில் போய்ச் சேரும். கவசத்தின் பின்விளிம்பு எங்கே உரசுகிறது என்பதை அறியச் சற்று மண்டியிட்டும் பார்க்கலாம். புதிய தோல் இளகும் என்பது உண்மைதான், எஃகு இளகாது.

பெண் பணியாளர்களின் இடர்ப்பாடு இன்னும் கூடுதல். பல இடங்களில் ஆண்களின் பாத வடிவத்திற்கு வார்த்த காலணியில் சிறிய எண்ணைத் தேடி எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுகின்றனர். குதிகால் பகுதி தளர்ந்து, நடக்கும்போது பாதம் உள்ளே வழுக்கும். காலுறையை இரண்டாக அணிந்து சமாளிப்பவர்களும் உண்டு. இது பாதுகாப்பு அன்று. கணக்குக் காட்டுவதற்காகக் கொடுப்பது.

காலணிக்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும் இளைஞர்கள் பலர் அறிவதில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படி வழங்கப்படும் எதற்கும் முதலாளி தம் பணியாளரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. சம்பளத்தில் ‘காலணிக்கழிவு’ என்று ஒரு வரி தென்பட்டால் அதைப் பற்றிக் கேட்கும் உரிமை பணியாளருக்கு உண்டு. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு பணியாளருக்கும் ஒரு கடமையை விதிக்கிறது: கொடுக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனத்தை அவர் அணிய வேண்டும். 2024 ஜூன் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, ஒருசில விதிவிலக்குகள் தவிர நாட்டின் எல்லாப் பணியிடங்களையும் இச்சட்டம் தழுவுகிறது. எனவே, காலணி பொருந்தவில்லை என்றால் அதைக் கழற்றி வைப்பதைவிட மேற்பார்வையாளரிடம் சொல்லி மாற்றிக் கேட்பதே முறை. ‘கேட்டால் என்ன நினைப்பார்களோ’ என்ற தயக்கம்தான் பலருடைய விரலுக்குப் பகை.

பொருந்தாத காலணியால் வரும் கொப்புளம் சிலருக்குச் சிறு தொல்லை. நீரிழிவு உள்ளவருக்கு அப்படியல்ல. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அவ்விழுக்காடு இன்னும் அதிகம். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்திற்கு வலி தெரியாது. காலணி உரசுவதே உணரப்படாமல் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் ஆழமாகும். இத்தகையோர் வேலை முடிந்ததும் பாதத்தை, அடிப்பக்கம் உட்பட, கண்ணால் பார்த்துவிட வேண்டும். காலையில் காலணியை அணியுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவவும் வேண்டும். சிறு கல் ஒன்று போதும்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் காலணியையும் விட்டுவைப்பதில்லை. நாள் முழுவதும் வியர்வையில் ஊறிய காலணி ஓர் இரவில் உலராது. மறுநாளும் அதையே அணிந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணிவது நல்லது. நனைந்த தோல் காலணியைக் கடும் வெயிலிலோ கொதிகலன் அருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும்; உள்ளே பழைய நாளிதழைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும். பாலியூரித்தேன் என்னும் மென்மையான பொருளால் ஆன அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். கடையில் பல ஆண்டுகள் விற்காமல் கிடந்த ‘புத்தம் புதிய’ காலணி, அணிந்த முதல் வாரத்திலேயே பிட்டுப்போல் உதிர்வது இதனால்தான். தரச்சான்று பெற்ற காலணியில் அது தயாரான காலம் பொறிக்கப்பட்டிருக்கும். கழிவு விலைக்காலணியை எடுத்தவுடன் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பெரும் பாரம் விழுந்து அடிவாங்கிய காலணியை, மேலே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளே வளைந்துபோன கவசம் அடுத்த அடியையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.